செட்டுக்கு ஒரு மறைப்பு: ஓலைத் தட்டியில இருந்து பச்சை வலை வரைக்கும்

திசையன்விளையில இருந்து உவரிக்கு வர்ற ரோட்டுல புது வீடுகளைப் பாத்துக்கிட்டே வந்தீங்கன்னா ஒரு விஷயம் கண்ணுல படும். வீட்டுக்கு முன்னால கார் நிக்க ஒரு போர்டிகோ இருக்கும். இல்லன்னா இரும்புக் குழாய் நட்டு மேல ஷீட் போட்ட ஒரு செட்டு. அந்தச் செட்டோட மேற்குப் பக்கம் ஒரு பச்சை வலை, ரோட்டுப் பக்கம் ஒரு பழைய சேலை, சில இடத்துல போன தேர்தல்ல மிச்சமான பிளக்ஸ் பேனர். லட்சக்கணக்குல செலவு பண்ணிக் கட்டின வீட்டுக்கு முன்னால எதுக்கு இந்தக் கந்தல்னு ஊருல இருந்து வர்றவங்க கேப்பாங்க.

கார் நிக்கிறதுக்கு மட்டும்னா அது தேவையே இல்ல. எங்க பக்கத்துல செட்டுங்கிறது கார் நிக்கிற இடம் மட்டும் இல்ல. முருங்கைக்காயைத் தரம் பிரிச்சுக் கட்டுறது அங்கதான். கடற்கரைத் தெருவுல படகோட எஞ்சினைக் கழட்டி வச்சுப் பாக்குறது அங்கதான். வலை பின்னுறது, பைக் கழுவுறது, ஆச்சி மதியம் கட்டிலைப் போட்டுப் படுக்கிறது எல்லாம் அங்கதான். வண்டி வெளிய போனதும் அது ஒரு அறை ஆயிடும். ஆனா சுவர் இல்லாத அறை. காத்தும் மண்ணும் உள்ள வரும், தெருவுல போறவன் கண்ணும் உள்ள வரும்.

இந்தச் சிக்கல் காரோட வந்தது இல்ல. இந்த மண்ணுல ரொம்ப காலமா இருக்கு. அதுக்கு இங்க உள்ளவங்க ஒரு பதிலும் வச்சிருந்தாங்க.

முதல்ல காத்தைப் பத்திச் சொல்லணும். மேற்கே ஆரல்வாய்மொழிக் கணவாய். முப்பந்தல்ல காத்தாலைகளை வரிசையா நட்டு வச்சிருக்கிறது சும்மா இல்ல. ஆனி, ஆடியில கச்சான் அடிச்சா அந்தக் கணவாய் வழியா வர்ற காத்து வெறுங்காத்தா வராது. இடையன்குடி, சாத்தான்குளம் பக்கத்துத் தேரி மண்ணையும் தூக்கிக்கிட்டு வரும். தேரின்னா தெரியாதவங்களுக்கு: செக்கச்செவேல்னு மணல் மேடு, மைல் கணக்குல கிடக்கும். அந்த மண்ணு சோத்துல விழும், கண்ணுல விழும், எண்ணெய் போட்ட எஞ்சின்ல ஒட்டும். ஐப்பசிக்கு மேல வடகிழக்கே இருந்து வாடை. அது மண்ணைக் கொண்டு வராது, கடல் உப்பைக் கொண்டு வரும். கார் கதவோட அடிவிளிம்பு துருப்பிடிச்சா காரணம் அதுதான்.

அதனால இங்க ஒரே பக்கம் நிரந்தரமா அடைச்சு வச்சாப் பத்தாது. அரை வருஷம் மேற்கே அடைக்கணும், அரை வருஷம் கிழக்கே அடைக்கணும். சித்திரை வெயில்ல ரெண்டு பக்கமும் திறந்து கிடக்கணும்.

இதுக்குப் பனை தந்த பதில்தான் தட்டி.

எங்க பக்கத்துப் பழைய வீடுகள்ல சுவரை ஒட்டி ஒரு சாய்ப்பு இறக்கி இருப்பாங்க. மாட்டு வண்டி அங்க நிக்கும். பனங்கையும் வரிச்சலும் போட்டு மேல ஓலை மேய்ஞ்சது. வண்டியை ஓட்டிக்கிட்டு வந்து நுகத்தடியை இறக்கி உள்ள தள்ளணும்னா முன்பக்கம் திறந்துதானே இருக்கணும்? திறந்த அந்தப் பக்கத்துக்குத்தான் தட்டி. முத்தின சாரோலையை வெட்டி, விரிச்சு, மேல கல்லை ஏத்தி அமுக்கி வைப்பாங்க. ஓலை தகடு மாதிரி ஆன பொறவு, கீறின பனைமட்டையைச் சட்டமாப் போட்டு, மீன் செதில் மாதிரி ஒண்ணு மேல ஒண்ணு படிய அடுக்கி, ஊற வச்ச நாரால கட்டுவாங்க. ஆணி கிடையாது. மேல்பக்கம் மட்டும் கயித்துல தொங்கும். அதுதான் அதோட சூட்சுமம். அடியில ஒரு கம்பைக் குடுத்துத் தூக்கி நிறுத்துனா நிழல். கம்பை எடுத்துட்டா சுவர். காத்து திரும்புனா கழட்டி அடுத்த பக்கம் கட்டலாம்.

இதை விட நுணுக்கமா ஒண்ணு இருக்கு. தட்டி காத்தை முழுசாத் தடுக்காது. இண்டு இடுக்குல கொஞ்சம் உள்ள விடும். செங்கல் சுவர் காத்தை மொத்தமா மறிக்கும். மறிச்ச காத்து மேல ஏறி சுவருக்கு அந்தப் பக்கம் சுழலா இறங்கும், இருக்குற தூசியை எல்லாம் அள்ளி வீசும். கொஞ்சம் விட்டுக் கொஞ்சம் தடுக்கிற வேலிதான் காத்தோட வேகத்தை நெடுந்தூரத்துக்குக் குறைக்கும். வயலுக்குக் காத்துத் தடுப்பு மரம் வைக்கச் சொல்லும்போது வேளாண்மைப் படிப்புலயும் இதையேதான் சொல்லுதாங்க. கண்ணுக்கும் அதே கணக்குதான். பகல்ல உள்ள இருட்டு, வெளிய வெளிச்சம். உள்ள இருக்குறவங்களுக்கு ஓலை இடுக்கு வழியாத் தெருவே தெரியும். தெருவுல போறவனுக்கு ஓலை மட்டும்தான் தெரியும்.

இதோட மூத்த வடிவம் விடிலி. பங்குனியில இருந்து ஆவணி வரைக்கும் பனையேறிக் குடும்பங்கள் விளையிலயே போய்த் தங்கும். அங்க பனை ஓலையிலயே ஒரு குடிசை போட்டுப் பதனீர் காய்ச்சுவாங்க. அதுக்குப் பேருதான் விடிலி. ஆம்பள மரத்துல இருப்பான். காலையில இறக்குன பதனீரைக் கருப்பட்டி ஆக்குற வேலை முழுக்கப் பொம்பளைங்களோடது. மணிக்கணக்கா அடுப்புப் பக்கத்துல நிக்கணும். காத்து அடுப்புல நேரா அடிச்சா தீ ஒரு பக்கமாச் சாயும், பாகு பதம் கெடும். காத்தே வரலன்னா புகையில மூச்சு முட்டும். ஓலைச் சுவர் ரெண்டுக்கும் நடுவுல நின்னுச்சு. வேலை நடக்கிற இடத்துக்கு எவ்வளவு அடைப்பு, எவ்வளவு திறப்புங்கிற கணக்கை இந்தப் பொம்பளைங்க அளவுக்குத் தெரிஞ்சவங்க யாரும் இல்லன்னு நான் நினைக்கேன். அதை யாரும் கட்டடக்கலைன்னு சொன்னதில்ல.

மறைப்புங்கிறது இங்க லேசான சொல்லும் இல்ல. பக்கத்துலயே, தென் திருவிதாங்கூர்ல, நாடார் பெண்கள் மார்பை மறைச்சுத் துணி போடுறதுக்கே பல வருஷம் அடிபட வேண்டி இருந்துச்சு. 1859-ல மன்னர் அறிவிப்பு வந்துதான் அனுமதி கிடைச்சது, அதுவும் மேல்சாதிப் பெண்கள் உடுத்துற மாதிரி உடுத்தக் கூடாதுங்கிற நிபந்தனையோட. பனைக்காட்டு மக்கள் ரெண்டு பக்கமும் சொந்தபந்தம். யாரு கண்ணுல படணும், யாரு கண்ணுல படக் கூடாதுன்னு தானே தீர்மானிக்கிறது எவ்வளவு பெரிய விஷயம்னு அந்தத் தலைமுறைக்குச் சொல்லித் தர வேண்டியது இல்ல. வீட்டு முன்னால ஒரு ஓலைத் தட்டியைத் தொங்க விடுறது அந்தத் தீர்மானத்தோட சின்ன வடிவம்னு எனக்குத் தோணுது.

உவரிக்குப் பக்கத்துல உள்ள இடையன்குடிக்கு கால்டுவெல் வந்தது 1841-ல. ஊரை நேர் நேர் தெருவா அமைச்சவர் அவர். அவர் கட்டுன கோயில் பிரதிஷ்டை ஆனது 1880-ல. எல்லாரும் அவரோட ஒப்பிலக்கணத்தையே பேசுவாங்க, அவர் வீட்டுக்காரம்மா எலிசாவைப் பத்திக் கம்மி. நாகர்கோவில்ல அவங்க அம்மா மார்த்தா மால்ட் சொல்லிக் குடுத்த லேஸ் பின்னலை எலிசா இடையன்குடிப் பெண்களுக்குக் கொண்டு வந்தாங்க. வெள்ளை நூலுல செய்யுற வேலை, சுத்தியும் செம்மண் தேரி. நல்ல வெளிச்சமும் வேணும், ஒரு துளி மண்ணும் விழக் கூடாது. திண்ணைக்கும் தாழ்வாரத்துக்கும் தட்டி இல்லாம அந்த நூலு வெள்ளையா இருந்திருக்க வழியே இல்ல. இது என் ஊகம்தான், ஆனா ஆடி மாசம் வெள்ளை வேட்டி காயப் போட்டுப் பாத்தவன் ஊகம்.

பொறவு வண்டி மாறுச்சு. 1980-ல டிவிஎஸ் 50 வந்தது எங்க பக்கத்துல ஒரு பெரிய திருப்பம். மாட்டு வண்டி நின்ன சாய்ப்புல மொபெட் நின்னுச்சு. ஓலைக்குக் கீழ பெட்ரோல்.

இங்கதான் ஓலையோட மறுபக்கத்தையும் சொல்லியாகணும். பழசைப் புகழ்றவங்க இதைச் சொல்லாம விட்டுருவாங்க. ஓலை எரியும். 2001 ஆகஸ்ட்ல ராமநாதபுரம் ஏர்வாடியில ஓலைக் கொட்டகையில சங்கிலியால கட்டி வச்சிருந்த மனநோயாளிகள் 28 பேரு எரிஞ்சு செத்தாங்க. 2004 ஜனவரியில ஸ்ரீரங்கத்துல கல்யாண மண்டப ஓலைப் பந்தல்ல தீ, ஐம்பது பேருக்கு மேல செத்தாங்க. அதே வருஷம் ஜூலை 16, கும்பகோணம். சத்துணவுக் கூடத்துல பிடிச்ச தீ கூரைக்குத் தாவி 94 பிள்ளைங்க. அதுக்குப் பொறவு பள்ளிக்கூடங்கள்ல இருந்து ஓலைக் கூரையை எடுக்கச் சொல்லி அரசு உத்தரவு போட்டது. 2010-ல குடிசைகளைக் காங்கிரீட் வீடா மாத்துற திட்டம் வந்தப்போ கணக்கு 21 லட்சம் குடிசை. சரியான காரியம்தான். ஓலை வீட்டுல தீப்பிடிச்சு, பிள்ளையோட ஸ்கூல் சர்டிபிகேட் வரைக்கும் எரிஞ்ச குடும்பத்துகிட்டப் போய் ஓலைதான் குளுமைன்னு பேச முடியாது.

ஆனா கூரையோட சேந்து தட்டியும் போயிருச்சு. காங்கிரீட் வீடு கட்டுனவங்க முன்னால ஒரு போர்டிகோ விட்டாங்க, அவ்வளவுதான். வெயிலுக்கும் மழைக்கும் மேல ஒரு தளம். காத்துக்கும் கண்ணுக்கும் ஒண்ணும் இல்ல. கொஞ்சம் வசதி உள்ளவங்க சுத்திச் சுவர் எழுப்பி ரோலிங் ஷட்டர் போட்டாங்க. ஷட்டர் ஒண்ணு முழுசாத் திறந்திருக்கும், இல்ல முழுசா மூடி இருக்கும். வண்டி தூங்கும்போது நல்லது. உள்ள மனுஷன் வேலை பாக்கும்போது ஆகாது. மூடிட்டு உள்ள எஞ்சினை ஓட விட்டா கார்பன் மோனாக்சைடு சேரும். மணம் இல்லாத வாயு, தெரியாமலே ஆளைக் கொல்லும். ஆஸ்பெஸ்டாஸ், தகர ஷீட்டும் அப்படித்தான். ஒக்கி புயல் 2017 நவம்பர் 30-ல குமரியைப் புரட்டிப் போட்டப்போ எங்க விளைக்குப் பக்கத்துல ஒரு செட்டோட ஷீட்டு பறந்து வந்து முருங்கை மரத்துல செருகி நின்னுச்சு. ஓலை பறந்தா ஆளை வெட்டாது.

சென்னையில அடுக்ககத்துல இருக்கிறவங்களுக்கு இது வேற மாதிரி. கீழ உள்ள தூண்தளத்தைச் சுவர் வச்சு அறை ஆக்குனா விதிமீறல். பக்கத்து வீட்டுக்காரர் பாக்க சைக்கிளைக் கவுத்துப் போட்டு ரிப்பேர் பாக்குற சங்கடம் உங்களுக்கே தெரியும்.

அதனாலதான் பச்சை வலையைப் பாத்தா எனக்குக் கந்தலாத் தெரியல. நாத்தங்கால் நிழலுக்காக வந்த சரக்கு அது. ஐம்பது சதவீதம், எழுபத்தஞ்சு சதவீதம்னு நிழல் கணக்குல விப்பாங்க. கொஞ்சம் காத்து விடும், கொஞ்சம் தடுக்கும், பகல்ல உள்ள இருக்குறவனைக் காட்டாது, சுருட்டி மேல கட்டலாம், பக்கம் மாத்தலாம். ஊரு மறந்த தட்டியை ஊரே வேற சாமான்ல திருப்பிக் கண்டுபிடிச்சிருக்கு. ராத்திரி மட்டும் கவனம். உள்ள டியூப் லைட்டைப் போட்டா எல்லாம் தலைகீழ். நீங்க வெளிச்சத்துல, தெரு இருட்டுல. வலையே சினிமாத் திரை ஆயிடும். லைட்டை வலைக்கு வெளியே தெருவைப் பாத்து வைக்கணும், உள்ள வேலை பாக்குற இடத்துக்கு மட்டும் தாழ்வா ஒரு பல்பு போதும். வலையோட அடியில ஒரு குழாயைக் கோத்துத் தொங்க விடணும், இல்லன்னா கச்சான்ல படபடன்னு அடிச்சே கிழிஞ்சிரும். ரெண்டு மூணு வருஷத்துல வெயில்ல நைஞ்சு தூள் தூளா உதிரவும் செய்யும். ஓலை மக்குனா எரு. இது மக்காது.

உவரிக்கு பிப்ரவரியில அந்தோணியார் கோயில் திருவிழாவுக்கு வந்து பாருங்க. வேனை நிறுத்தி, வேன் கூரையில இருந்து மணல்ல நட்ட கம்புக்குத் தார்ப்பாயைக் கட்டி, ரெண்டு பக்கமும் சேலையைத் தொங்க விட்டுக் குடும்பமே நாள்கணக்காத் தங்கி இருக்கும். உள்ள சமையல், உறக்கம், பிள்ளைக்குப் பால் குடுக்கிறது எல்லாம். யாரும் அவங்களுக்குப் படம் வரைஞ்சு குடுக்கல. வைகாசி விசாகத்துக்கு சுயம்புலிங்க சாமி கோயில் பக்கமும் கூட்டத்துல இதையே பாக்கலாம். கடல்ல இருந்து மண்ணெடுத்து ஓலைப்பெட்டியில சுமந்து வந்து போடுறவங்க நிழலுக்குத் திரும்புறது அந்த மாதிரி ஒரு சேலைக்குப் பின்னாலதான்.

என் செட்டுல ரோட்டுப் பக்கம் வலை கட்டியாச்சு. மேற்குப் பக்கத்துக்கு மட்டும் ஓலைத் தட்டியேதான் வேணும்னு இருக்கேன். அடுப்பும் பெட்ரோல் கேனும் அங்க வராது, அதனால பயம் இல்ல. கூரைக்கு ஓலை கிடையாது, தட்டிக்கு மட்டும். விளையில மரம் இருக்கு, ஓலை இருக்கு. மரத்தை வெட்டணும்னாத்தான் இப்போ கலெக்டர் அனுமதி, ஓலைக்கு அது வேண்டாம். ஏறி வெட்டுறதுக்குத்தான் ஆள் இல்ல. கேட்டுப் பாத்தேன். "அண்ணாச்சி, பதனீர் சீசன் முடியட்டும், ஆவணி கழிஞ்சு வாரேன்"னு சொல்லி இருக்காரு. அதுக்குள்ள இந்த வருஷக் கச்சான் போயிரும்.