2,500 டாலருக்கு மேல் கிடையாது

1889 ஜனவரியில் கொழும்பில் வந்து இறங்கியது ஓர் அமெரிக்க பேஸ்பால் பட்டாளம். சிகாகோ அணியின் முதலாளி ஆல்பர்ட் ஸ்பால்டிங், தங்கள் ஆட்டத்தை உலகத்துக்குக் காட்டக் கூட்டிவந்த பட்டாளம் அது. கிரிக்கெட் பழகிய அந்த ஊரில் ஓர் ஆட்டம் ஆடிவிட்டு எகிப்துக்குக் கப்பலேறினார்கள்.

சிகாகோவை எதிர்த்து ஆடிய அணிக்குத் தலைவர் ஜான் மான்ட்கோமரி வார்டு. நியூயார்க் அணிக்காரர், கொலம்பியாவில் சட்டம் படித்தவர், 1885இல் பேஸ்பால் ஆட்டக்காரர்களுக்கு முதல் சங்கம் கண்டவர். அவர் கடலில் இருந்த நேரம் பார்த்து, அமெரிக்காவில் அணி முதலாளிகள் கூடிச் சம்பளத்துக்கு உச்சவரம்பு கட்டிவிட்டார்கள்.

இண்டியானாபோலிஸ் முதலாளி ஜான் பிரஷ் போட்ட திட்டம் அது. ஆட்டக்காரர்கள் ‘ஏ’ முதல் ‘இ’ வரை ஐந்து வகுப்பு. ‘ஏ’ வகுப்புக்கு 2,500 டாலர். படிக்கு 250 குறைந்து, ‘இ’ வகுப்புக்கு 1,500. வகுப்பைத் தீர்மானிப்பது ஆட்டம் மட்டுமல்ல. போன பருவத்தில் ஆள் எப்படி நடந்துகொண்டார், பழக்கவழக்கம் என்ன என்பதும் கணக்கில் வரும். மாட்டுச் சந்தையில் பல்லைப் பிடித்துப் பார்ப்பார்களே, அதேதான். வேறு அணிக்குப் போகவும் வழியில்லை. 1879இல் அணிக்கு ஐந்து பேரோடு தொடங்கிய ‘ரிசர்வ்’ விதி அதற்குள் அநேகமாக எல்லோரையும் கட்டிப்போட்டிருந்தது. ஒப்பந்தம் முடிந்தாலும் ஆள் பழைய அணிக்கே சொந்தம்.

சின்ன ஊர் அணிகள் பெரிய ஊர்களின் பணத்தோடு மல்லுக்கட்ட முடியாது என்றார்கள் முதலாளிகள். அது மெய்தான். ஆனால் அந்தக் குறையைப் பெரிய ஊர் முதலாளியின் லாபத்திலிருந்து ஈடுகட்டாமல், ஆடுகிறவன் கூலியில் ஏன் கைவைக்க வேண்டும்? 1994இல் இதே உச்சவரம்புச் சண்டையில் பருவம் பாதியில் நின்று, பட்டத்தைத் தீர்மானிக்கும் வேர்ல்ட் சீரிஸே நடக்காமல் போனபோதும் இந்தக் கேள்விக்கு நேரான பதில் வரவில்லை.

வார்டு பதிலுக்குக் காத்திருக்கவில்லை. 1890இல் ‘பிளேயர்ஸ் லீக்’ பிறந்தது. எட்டு அணிகள். ரிசர்வ் இல்லை, வகுப்பு இல்லை. நிர்வாகத்தில் ஆட்டக்காரர்களுக்கும் இடம். முதலாளிகளின் பழைய லீகிலிருந்து பெரும்பாலான நட்சத்திரங்கள் இந்தப் பக்கம் வந்துவிட்டார்கள். வார்டைத் தடுக்க நியூயார்க் அணி நீதிமன்றம் போய்த் தோற்றது.

இரண்டு லீகுகளுக்குமே நஷ்டம். ஆனால் முதலில் கலங்கியது, புது லீகுக்குப் பணம் போட்டவர்கள். பருவம் முடிந்ததும் அவர்கள் ஸ்பால்டிங் தரப்போடு சமரசம் பேச உட்கார்ந்தார்கள். ஆட்டக்காரர்கள் சார்பில் வார்டும் போனார். பணம் போட்டவர்களோடு மட்டுமே பேசுவோம் என்றது பழைய லீக். வார்டை வெளியே நிறுத்திவிட்டுப் பேச்சு நடந்தது. அடுத்த பருவத்துக்கு பிளேயர்ஸ் லீக் இல்லை.