மண்ணில்லா வேளாண்மை: காலிம்பாங்கில் ஒரு சோதனை

சென்ற தை மாதம் வந்தவாசிப் பக்கத்திலிருந்து என் தம்பி போன் செய்தான். "அண்ணா, நிலத்தைக் கொடுத்துடலாம்னு இருக்கேன். டவுன்ல மாடியிலேயே மண்ணில்லாம விளைய வைக்கிறாங்களாமே. நாம எதுக்கு இந்த மண்ணைக் கட்டிக்கிட்டு அழணும்?" என்றான். சமணர் என்றாலே வியாபாரி என்று இங்கே கொல்கத்தாவில் நினைக்கிறார்கள். எங்கள் ஊர்ப் பக்கத்துச் சமணர்கள் பெரும்பாலும் உழுது பிழைத்தவர்கள்தாம். ஆகவே அவன் கேள்வி எனக்குச் சுருக்கென்றது. பதில் சொல்லுமுன் கொஞ்சம் படிப்போம் என்று உட்கார்ந்தேன்.

விஷயம் புதிதல்ல. இன்றைய பெல்ஜியத்தில் வாழ்ந்த வான் ஹெல்மான்ட் என்பவர் 200 பவுண்டு காய்ந்த மண்ணை நிறுத்துத் தொட்டியில் போட்டு, 5 பவுண்டு எடையுள்ள வில்லோ கன்றை நட்டார். 5 ஆண்டுகள் தண்ணீர் மட்டுமே ஊற்றினார். மரம் 169 பவுண்டு ஆயிற்று. மண்ணில் குறைந்ததோ சுமார் 2 அவுன்ஸ்! அவர் இறந்த பிறகு 1648-இல் இது அச்சில் வந்தது. தராசு பிடித்த கைக்கு இந்தக் கணக்கு ரொம்பப் பிடிக்கும். ஆனால் மரமெல்லாம் தண்ணீரே என்று அவர் முடிவு கட்டியது தப்பு. காற்றிலுள்ள கரியமில வாயுவை அவர் வரவில் எழுதவில்லை. அந்த 2 அவுன்ஸையும் தள்ளுபடி செய்துவிட்டார். 1860-களில் ஜெர்மனியின் ஜூலியஸ் சாக்ஸ், வில்ஹெல்ம் க்நோப் ஆகியோர் உப்புகளைத் தண்ணீரில் கரைத்தே செடி வளர்த்துக் காட்டினார்கள்.

ஆய்வுக்கூடத்தில் இருந்ததைச் சந்தைக்குக் கொண்டுவர முயன்றவர் கலிபோர்னியா பல்கலைக்கழகத்து கெரிக்கி. 'ஹைட்ரோபோனிக்ஸ்' என்ற பெயர் 1937-இல் அவரால்தான் பரவியது. தக்காளிக் கொடி 25 அடி ஏறியதாம். அதே பல்கலைக்கழகத்து ஹோக்லாண்டும் ஆர்னனும் 1938-இல், நல்ல மண்ணைவிட இதில் விளைச்சல் பெரிதாகக் கூடிவிடாது என்று எழுதிவிட்டார்கள். விளம்பரத்தை மட்டும் படிப்பவர்கள் இதைப் படிப்பதில்லை.

இனி நம் வங்காளத்துக்கு வருவோம். 1943 பஞ்சத்தில் இங்கே 20 முதல் 30 லட்சம் பேர் மாண்டார்கள். அது ஆறி மூன்று வருஷத்தில், 1946-இல், காலிம்பாங் அரசு சோதனைப் பண்ணையில் ஜேம்ஸ் ஷோல்டோ டக்ளஸ் மண்ணில்லாப் பயிருக்கு முயன்றார். அமெரிக்க முறைக்கு வேண்டிய தொட்டியும் பம்பும் ஏழைக்கு ஏது? ஆகவே கல்துண்டும் மணலும் கலந்த பாத்தியில் செடியை நட்டு, உர உப்பைக் காய்ந்தபடியே மேலே தூவி, தண்ணீர் தெளிக்கச் சொன்னார். அவ்வளவுதான். 'வங்காள முறை' என்ற பெயரோடு 1951-இல் அவர் புத்தகம் வந்தது. நம் மாநகரத்திலேயே இதை அறிந்தவர் எத்தனை பேர்?

ஒன்று சொல்ல வேண்டும். அந்தப் பஞ்சத்தில் அரிசி அடியோடு இல்லாமல் போய்விடவில்லை. வாங்கக் காசில்லாதவர்கள் செத்தார்கள் என்று அமர்த்தியா சென் 1981-இல் எழுதிய நூலில் வாதிட்டார். வியாபாரியான எனக்கு அதைப் படிக்கக் கஷ்டமாகத்தான் இருந்தது. காலிம்பாங் பாத்தி அந்த நோய்க்கு மருந்தல்ல. ஆனாலும் மாடியிலும் முற்றத்திலும் நாலு காய் பறிக்க வழி காட்டியது.

இன்று மாடிகளில் காணும் பிளாஸ்டிக் குழாய் முறை வேறு வகை. இங்கிலாந்தில் ஆலன் கூப்பர் வளர்த்தெடுத்தது. வேரை நனைத்துக்கொண்டு மெல்லிய நீர்ப்படலம் ஓடும். அதே நீர் சுற்றி வருவதால் தண்ணீர்ச் செலவு குறைவு, களையும் இல்லை. ஆனால் கோடையில் சில மணி நேரம் கரண்ட் போனால் செடி தலை சாய்ந்துவிடும். பக்கத்து ஃபிளாட்காரர் அப்படித்தான் ஒரு மாடிக் கீரையையும் இழந்தார். கீரை, தக்காளி, வெள்ளரிக்குக் கணக்குக் கட்டும். நெல்லுக்கும் துவரைக்கும் கட்டாது.

தம்பியிடம் இதையெல்லாம் சொன்னேன். "மாடியில கீரை வரும்டா, சோறு உன் வயல்லேர்ந்துதான் வரணும்" என்றேன். "அந்தச் சோத்துக்கு என்ன விலை குடுக்கறாங்க, அதைச் சொல்லு" என்றான். அதற்கு என்னிடம் பதிலில்லை. இந்தப் போகத்துக்கு நாற்று விட்டிருக்கிறான். புரோக்கர் மட்டும் வாரம் ஒருமுறை வந்து போகிறானாம்.