குறைமின் கருவிகளும் மின்காந்த இயைபு விலக்கும்: திருகோணமலைத் துறைமுகத்தை முன்வைத்து

மின்காந்த இயைபு விதிகளிலிருந்து ஒரு கருவி விலக்குப் பெறுவது, அது குறைந்த மின்சாரத்தில் இயங்குகிறது என்பதால் மட்டும் அன்று. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2014/30 பணிப்புரை, இயல்பிலேயே தீங்கற்ற கருவிகளை விலக்குகிறது. வானொலி, தொலைத்தொடர்புச் சாதனங்களைக் கெடுக்குமளவு உமிழ்வு அக்கருவியிலிருந்து எழவே முடியாது என்பது முதல் நிபந்தனை. சூழலில் வழக்கமாக உள்ள மின்காந்த இரைச்சலால் அதுவும் தடுமாறக் கூடாது என்பது இரண்டாவது. மின்திறனுக்கு அங்கே எந்த எல்லையும் குறிக்கப்படவில்லை.

அமெரிக்க விதிகளின் 15ஆம் பகுதி எண்களில் பேசுகிறது. 6 நானோவாட்டுக்கு மேல் நுகராத எண்முறைக் கருவிக்கு விலக்கு உண்டு. உள்ளே தோன்றும், பயன்படும் அதிர்வெண்கள் யாவும் 1.705 மெகாஹேர்ட்சுக்குக் கீழே இருந்து, வீட்டு மின்கம்பியோடு தொடர்பின்றி இயங்கும் எண்முறைக் கருவிக்கும் விலக்கு உண்டு. எனினும், பிறர் அலைவரிசைக்கு ஊறு செய்யக்கூடாது என்ற கடமை அப்படியே நிற்கிறது. குறிப்பிட்ட தொழில்நுட்ப வரம்புகளும் சோதனைச் சான்றிதழும் தேவையில்லை என்பதே விலக்கின் பொருள்.

இந்த 1.705 மெகாஹேர்ட்ஸ் அளவுகோலைப் படகொன்றின் 12 வோல்ட் எல்.ஈ.டி. விளக்கில் வைத்துப் பார்ப்பது பயனுள்ளது. பற்றரியில் எரிவது, அதன் மின்சீராக்கி சில நூறு கிலோஹேர்ட்சில் திறந்து மூடுவது. எல்லைக்குள் அடங்கிவிடுகிறது. ஆனால் மின்னோட்டம் சட்டெனத் திறந்து மூடும் ஒவ்வொரு கணமும் அந்த அதிர்வெண்ணின் நூற்றுக்கணக்கான மடங்குகளை எழுப்புகிறது. அவை கடல்சார் வி.எச்.எஃப். பட்டையை எட்டுகின்றன. அபாய அழைப்புக்குரிய 16ஆம் அலைவரிசை 156.8 மெகாஹேர்ட்சில் உள்ளது. அதன் கால் அலைநீளம் ஏறக்குறைய 48 சென்ரிமீற்றர். பாய்மரத் தண்டில் ஏறும் விளக்குக் கம்பியின் அரை மீற்றர் நீளமே அந்த இரைச்சலை உமிழப் போதுமான அலைக்கம்பி. வி.எச்.எஃப். ஏற்பியோ கால் மைக்ரோவோல்ட் சமிக்ஞையையும் கேட்கக்கூடியது.

2018இல் அமெரிக்கக் கரையோரக் காவற்படை இதைப் பற்றி எச்சரிக்கை விடுத்தது. எல்.ஈ.டி. விளக்குகளால் கப்பல்களின் வி.எச்.எஃப். ஏற்பும், கப்பல் அடையாளத் தானியங்கி முறையான ஏ.ஐ.எஸ். ஏற்பும் மங்கியதாக முறைப்பாடுகள் வந்திருந்தன. அந்த எச்சரிக்கை சொன்ன சோதனையைத் திருகோணமலையின் கொட்பே மீன்பிடித் துறைமுகத்தில் கட்டிநிற்கும் எந்தக் கலத்திலும் செய்யலாம். விளக்கை அணைத்து, ஆளில்லா அலைவரிசையொன்றுக்குத் திருப்பி, இரைச்சல் கேட்கும்வரை இரைச்சலை அடக்கும் ஸ்குவெல்ச் குமிழைத் தளர்த்தி, அது அடங்கும் அளவுக்கு மட்டும் மீண்டும் இறுக்க வேண்டும். பிறகு விளக்கைப் போட இரைச்சல் திரும்பினால், தொலைவிலிருந்து வரும் மெல்லிய குரல் அந்த விளக்கின் இரைச்சலிலேயே புதைந்துபோகிறது.

கப்பற் கருவிகளுக்கான ஐ.ஈ.சி. 60945 தரம் இங்கேதான் கூர்மையாகிறது. மூன்று மீற்றர் தூரத்தில் பொதுவாக 54 டெசிபெல் மைக்ரோவோல்ட்/மீற்றர் உமிழ்வை அனுமதிக்கும் அத்தரம், 156 முதல் 165 மெகாஹேர்ட்ஸ் வரை அதை 24 ஆகக் குறைக்கிறது. புலவலிமையில் இது முப்பது மடங்குக்கும் மேற்பட்ட இறுக்கம். எல்லை கருவியைப் பொறுத்ததன்று, அருகில் யார் கேட்டுக்கொண்டிருக்கிறார் என்பதைப் பொறுத்தது என்று அத்தரம் ஏற்றுக்கொண்டுள்ளது.

திருகோணமலையின் கொட்டியாரக் குடாவில் சரக்குக் கப்பல்கள், கடற்படைக் கலங்கள், மீன்பிடிப் படகுகள் யாவும் ஒரே நீரைப் பகிர்கின்றன. இலங்கையின் 1991ஆம் ஆண்டின் 25ஆம் இலக்கத் தொலைத்தொடர்புகள் சட்டம் வானொலி அலை உமிழும் கருவிகளை அனுமதிப்பத்திரத்தின் கீழ் கொண்டுவருகிறது. விளக்கை வாங்குபவரோ விற்பவரோ அதை அத்தகைய கருவியாகக் கருதுவதில்லை. ஆகவே படகுக்கென விற்கப்படும் எல்.ஈ.டி. விளக்குகளுக்கு, எவ்வளவு சிறியவை ஆயினும், 60945 எல்லையைக் கட்டாயமாக்குவதே நியாயம். கைக்கடிகாரம் போன்ற, இயல்பிலேயே தீங்கற்ற கருவிகளுக்கு அது வேண்டியதில்லை.