கம்பம் கருந்திராட்சையும் 1832ஆம் ஆண்டும்

ரிங்லெட் மலைச் சரிவுகளிலே தேயிலையோடு பழகிய தமிழ் மக்களுக்குச் செம்மதுவின் இயல்பை விளக்குவது எளிது. ஒரே செடியின் கொழுந்துதான் கருந்தேயிலையாகவும் பசுந்தேயிலையாகவும் ஆகிறது. வேறுபாடு ஆலையிலே பிறக்கிறது. கருந்திராட்சையும் அத்தகையதே. பெரும்பாலான கருந்திராட்சைகளைப் பிழிந்தால் வடிவது நிறமற்ற சாறுதான். நிறம் தோலில் இருக்கிறது. துவர்ப்பு தோலிலும் விதையிலும் இருக்கிறது. தோலோடு சேர்த்து நொதிக்க விட்டால் செம்மது. பிழிந்தவுடனே தோலை நீக்கிவிட்டால் வெண்மது.

இவ்வகையில் தமிழ்நாட்டில் பேர்பெற்றது தேனி மாவட்டத்துக் கம்பம் பள்ளத்தாக்கில் விளையும் பன்னீர்த் திராட்சை. உண்பதற்கும் பழச்சாற்றுக்கும் மதுவுக்கும் உரியது. 2023இல் இதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. குளிர்நாட்டில் திராட்சைக்கொடி பனிக்காலம் முழுதும் உறங்கி, ஆண்டுக்கு ஒருமுறையே பழுக்கும். கம்பத்திலோ அவ்வுறக்கம் இல்லை. உழவர் கவாத்து செய்யும் நாளே கொடிக்கு வசந்தம். ஆதலின் ஆண்டு முழுவதும் எங்கேனும் ஒரு தோட்டத்தில் அறுவடை நடந்துகொண்டிருக்கும்.

பன்னீர் என்ற பெயர் வெறும் புகழ்ச்சியன்று. ரோஜா எண்ணெயில் உள்ள ஜெரானியால் என்னும் மணப்பொருள் இத்திராட்சையிலும் உண்டு. சீனரும் இதே பழத்தை 'மெய்குய்சியாங்', அதாவது ரோஜா மணம் என்றே அழைக்கின்றனர். ஒருவரை ஒருவர் கேளாமலே இரு மக்களின் மூக்கும் ஒரே தீர்ப்பைக் கூறியிருப்பது வியப்பே. தியான்ஜின் நகரில் 1980இல் பிரெஞ்சுக்காரர் கூட்டோடு தொடங்கிய மதுச்சாலை ஒன்று இக்கருந்திராட்சையிலிருந்து வெண்மதுவே வடித்தது.

இனி, ஆண்டுக் கணக்குக்கு வருவோம். 1832இல் பிரெஞ்சுப் பாதிரியார் ஒருவர் இதனைத் தமிழ்நாட்டிற்குக் கொணர்ந்தார் என்பது வழக்கமாகச் சொல்லப்படும் வரலாறு. குறியீடு பெற்றபோது செய்தித்தாள்களும் அதனையே எழுதின. ஆனால் பன்னீர்த் திராட்சைக்குத் தோட்டக்கலை நூலோர் இட்ட பெயர் மஸ்கட் ஹாம்பர்க். ஹாம்பர்க் ஜெர்மானியத் துறைமுகமாயினும் இக்கொடி அங்கே பிறந்ததன்று. இங்கிலாந்தில் பெட்ஃபோர்ட்ஷயரைச் சேர்ந்த ரெஸ்ட் பார்க் மாளிகைத் தோட்டக்காரர் சீவர்ட் ஸ்னோ என்பவர், 1850ஐ ஒட்டி, பிளாக் ஹாம்பர்க் என்னும் கருந்திராட்சையையும் அலெக்சாந்திரிய மஸ்கட் என்னும் வெண்திராட்சையையும் கலந்து உண்டாக்கியது அது. அவ்விரண்டுமே இதன் பெற்றோர் என்பதை அண்மைக்கால மரபணுச் சோதனையும் உறுதிசெய்துள்ளது. பிறவாத கொடியைப் பாதிரியார் எவ்வாறு கொணர்ந்திருத்தல் கூடும்?

பாதிரியார் கதை முழுதும் பொய் என்று தள்ளிவிடவும் வேண்டுவதில்லை. கத்தோலிக்கப் பூசைக்குத் திராட்சை மது இன்றியமையாதது. குருமார் சென்ற நாடுகளில் எல்லாம் கொடியும் உடன் சென்றது. 1832இல் வேறொரு திராட்சை வந்திருக்கலாம். மஸ்கட் ஹாம்பர்க் பின்னர் வந்து அதன் இடத்தைப் பிடித்திருக்கலாம். மக்கள் நினைவு இரண்டு வருகைகளையும் ஒன்றாக்கிவிட்டது என்பதே எம் கருத்து.

திராட்சையும் அதன் மதுவும் அதற்கு மிக முன்னரே தமிழர் அறிந்தவை. புறநானூற்று 56ஆம் பாட்டில் நக்கீரர், யவனர் கொணர்ந்த மணமிக்க தேறலைப் பாண்டியன் நன்மாறன் அருந்துவதைப் பாடுகிறார். 1945இல் வீலர் அகழ்ந்த அரிக்கமேட்டில் மத்தியதரைக் கடல் நாட்டு மதுச்சாடிகளின் ஓடுகள் கிடைத்தன. ஆயினும் இவை மது வந்ததற்குச் சான்றே அன்றிக் கொடி வந்ததற்குச் சான்று ஆகா. சொல்வழியே நோக்கினும் பழமை புலனாகும். கம்பத்து மலைக்கு அப்பால் மலையாளத்தார் இன்றும் திராட்சையை முந்திரி என்பர். நாமோ போர்த்துகீசியர் 16ஆம் நூற்றாண்டில் கொணர்ந்த மரத்திற்கு அப்பெயரைக் கொடுத்துவிட்டுத் திராட்சையைக் கொடிமுந்திரி என்று பிரித்துச் சொல்ல வேண்டியவரானோம்.

எனவே 1832ஐப் பன்னீர்த் திராட்சையின் பெயரில் எழுதுவது பொருந்தாது. அவ்வாண்டு, உண்மையாயின், அதற்கு முன் வந்த கொடி ஒன்றுக்கே உரியது.