நுரை குடித்த தண்ணீர்

கட்டுகஸ்தோட்டைப் பக்கம் வீதியோரமாக பைபர் வேலைத்தளங்கள் சில இருக்கின்றன. வேன் பம்பர், த்ரீவீல் ஹூட், தண்ணித் தாங்கி, கடைப் பெயர்ப்பலகை எல்லாம் செய்வார்கள். போன வருஷம் அப்படியொரு இடத்தில் நாங்கள் மூன்று பேர் ஒரு ஜெட் ஸ்கீயைக் கண்டோம். கடலே இல்லாத கண்டியில் ஜெட் ஸ்கீ! பென்தோட்டையிலிருந்து லொறியில் ஏற்றி வந்ததாம். இருந்து ஓட்டுற வகை இல்லை, நின்றுகொண்டு ஓட்டுற பழைய வகை. பாஸ் அதன் பின்தட்டை வெட்டித் திறந்து வைத்திருந்தார். உள்ளே மஞ்சள் நுரை. கையால் அழுத்தினால் பஞ்சு மாதிரி தண்ணி வந்தது. ரெண்டு வாரம் வெயிலில் கிடந்த பிறகும் அப்படித்தான்.

கலைப்பீடத்துப் பிள்ளைகளுக்கு இதில் என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். வரலாறு படிக்கிற ஆட்களுக்கு ஒரு கெட்ட பழக்கம் இருக்கிறது. எதைப் பார்த்தாலும் இதை முதலில் யார் செய்தது, ஏன் செய்தது என்று கேட்போம். ஒரு கலம் மூழ்காமல் இருக்க அதன் வயிற்றுக்குள் நுரை ஊற்றினார்கள். அந்த நுரையே தண்ணி குடித்து அதைக் கீழே இழுக்கிறது. இது எப்படி வந்தது?

முதலில் ஜெட் ஸ்கீ. அது உண்மையில் கவாசாகி கம்பனியின் வியாபாரப் பெயர். எண்ணம் கிளேட்டன் ஜேக்கப்சன் என்ற அமெரிக்கருடையது. மோட்டோகுரோஸ் பைக் ஓட்டியவர். விழுந்தால் அடிபடாத ஒரு பைக் வேண்டும், அப்படியானால் தண்ணியில்தான் ஓட வேண்டும் என்று 1960களின் நடுவில் அலுமினியத்தில் ஒன்றைச் செய்து பார்த்தார். முதலில் பொம்பார்டியே என்ற கனடாக் கம்பனி அவரோடு சேர்ந்து 1968இல் இருந்து ஓட்டுகிற ஒன்றை விற்றது. அது ஓடவில்லை, நிறுத்திவிட்டார்கள். பிறகு கவாசாகி எடுத்து 1973இல் நின்று ஓட்டுற மாதிரியைச் சந்தைக்கு விட்டது. ஓட்டுகிறவர் விழுந்தால் அது மெதுவாக வட்டமடித்து அவரிடமே திரும்பி வரும்.

விழுவது இங்கே விபத்து இல்லை, விளையாட்டின் பாகம். கலம் கவிழும், எஞ்சின் அறைக்குள் தண்ணி போகும். அப்படி நிரம்பினாலும் மிதக்க வேண்டும். அதுக்குத்தான் நுரை.

அந்த யோசனை ஜெட் ஸ்கீக்கு முந்தியது. பொலியூரித்தேன் 1937இல் ஜெர்மனியில் ஒட்டோ பாயரின் ஆய்வுகூடத்தில் பிறந்தது. ரெண்டு திரவத்தைக் கலந்தால் பொங்கி, இறுகி, உள்ளே கோடிக்கணக்கான மூடிய குமிழிகளோடு நிற்கிற நுரை அதிலிருந்து வந்தது. 1958இல் மசாசூசெட்ஸ் மாநிலத்து டிக் ஃபிஷர் ரெண்டு பைபர் ஓடுகளுக்கு நடுவில் அந்த நுரையை நிரப்பி 'பொஸ்டன் வேலர்' என்ற சின்னப் படகைக் கொண்டுவந்தார். 1961இல் லைஃப் பத்திரிகையில் அதன் படங்கள் வந்தன: ஃபிஷர் படகுக்குள் இருக்க, படகை வாளால் ரெண்டாக அறுக்கிறார்கள். அவர் எஞ்சின் இருக்கிற பாதியில் தொடர்ந்து ஓட்டிக்கொண்டு போகிறார். இதைவிட நல்ல விளம்பரத்தை நாங்கள் கண்டதில்லை. 1971இல் அமெரிக்கா படகுப் பாதுகாப்புச் சட்டம் போட்டது. அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் 20 அடிக்குக் குறைந்த பெரும்பாலான படகுகளுக்கு, தண்ணி நிரம்பினாலும் மிதக்க வேண்டும் என்ற தரம் கட்டாயமாகிவிட்டது.

மூடிய குமிழிக்குள் தண்ணி எப்படிப் போகும்? ஒரேயடியாகப் போவதில்லை. பைபரில் மயிரிழை வெடிப்பு விடும். ஆணி போட்ட துளையின் சீலிங் கழன்றுவிடும். எஞ்சின் நடுங்க நடுங்க குமிழிச் சுவர்கள் ஒவ்வொன்றாக உடையும். பெற்றோலும் ஒயிலும் கசிந்து அதை இன்னும் கெடுக்கும். உள்ளே போன தண்ணிக்கு வெளியே வர வழி இல்லை. கணக்கு லேசானது. இந்த வகை நுரை ஒரு லீற்றர் ஏறக்குறைய 32 கிராம். 40 லீற்றர் நுரை ஒன்றேகால் கிலோ சொச்சம்தான், ஆனால் 38 கிலோவை மேலே தூக்கும். அதில் பாதி நனைந்தால் 20 கிலோ தண்ணி. தூக்க வேண்டியது இப்போது பாரம். முழுசாகவே நூறு கிலோ சொச்சம் உள்ள ஒரு பழைய ஸ்கீக்கு அது சின்ன விஷயம் இல்லை. வெளியில் பார்த்தால் ஒன்றும் தெரியாது, பெயின்ட் பளபளக்கும்.

பாஸ் செய்த வேலையை நாங்கள் மூன்று நாலு தடவை போய்ப் பார்த்தோம். பின்தட்டில் ரெண்டு ஜன்னல் வெட்டி, நீளமான உளியாலும் வாள் அலகாலும் நுரையைத் துண்டு துண்டாகக் கிண்டி எடுத்தார். ஓட்டின் உள்பக்கத்தில் தேங்காய் துருவுவது மாதிரி சுரண்டல். மேசை மின்விசிறியும் ரெண்டு குண்டு பல்பும் வைத்துக் காயவிட்டார். கண்டி மழையில் அது எத்தனை நாள் எடுக்கும் என்று இங்கே இருக்கிறவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. பிறகு உள்ளே கிரைண்டர் பிடித்து, அசிட்டோனால் துடைத்து, கண்ணாடியிழை மெட் வெட்டி ஒட்டத் தொடங்கினார். இதில் ஒரு நுணுக்கம். இந்த ஓடு சாதாரணக் கையால் பூசின பைபர் இல்லை. இழையும் பிசினும் நிரப்புத் தூளும் கலந்த தகட்டைச் சூடான அச்சில் அழுத்தி எடுத்தது. வேன் பம்பருக்குப் பூசுகிற பொலியெஸ்டர் பிசின் அதில் வடிவாகப் பிடிக்காது, கொஞ்ச நாளில் தோல் மாதிரி உரிந்து வரும். அதனால் விலை கூடின எபொக்சி. மூக்குப் பகுதி, கைப்பிடித் தண்டின் அடி பூட்டுகிற இடம், கால் வைக்கிற தட்டின் மூலைகள், மேலோடும் கீழோடும் சேருகிற விளிம்பு ஆகிய இடங்களில்தான் அடி விழும். அங்கே மெட்டும் நெய்த இழையும் மாறி மாறி, ஒவ்வொரு படைக்கும் ரோலர் போட்டு காற்றுக் குமிழி எடுத்து. மற்ற இடத்தில் ஒன்றோடு நிறுத்திவிட்டார். எல்லா இடமும் தடிப்பாக்கினால் தண்ணிப் பாரத்தை எடுத்துவிட்டு பிசின் பாரத்தை வைத்த கதையாகும் என்றார்.

கடைசியில் புது நுரை. ரெண்டு போத்தல், சரிக்குச் சரி. ஒரு கோப்பை அளவு கலந்து ஊற்றினால் ஒரு நிமிஷத்துக்குள் பொங்கும், சூடாகும். அவசரப்பட்டு ஒரேயடியாக ஊற்றினால் பொங்குகிற வேகத்தில் தட்டே வீங்கிவிடும். அடியில் ஒரு குழாய் வைத்து தண்ணி வடிகிற வழி ஒன்றையும் விட்டார். இது கம்பனி வைக்காதது. ரெஜிபோம் அடைத்தால் மலிவுதானே என்று எங்களில் ஒருவர் கேட்டார். பொலியெஸ்டர் பிசின் பட்டாலும் பெற்றோல் பட்டாலும் ரெஜிபோம் கரைந்துவிடும் என்று பாஸ் சொன்னது எங்களுக்குப் புதுத் தகவல்.

அந்த வடிகால் குழாய்தான் எங்களைப் பின்னால் போக வைத்தது. தண்ணி வரும் என்று ஏற்றுக்கொண்டு செய்கிற கலம் ஒன்று, வரவே வராது என்று மூடிவிடுகிற கலம் இன்னொன்று. எங்கட கரைகளில் முதலாவது வகைக்கு ஒரு பழைய உதாரணம் இருக்கிறது. அதுதான் கட்டுமரம். ஆங்கிலக்காரர் எடுத்துக்கொண்டு போய் 'கட்டமரான்' ஆக்கின அதே சொல். அதில் ஓடும் இல்லை, வயிறும் இல்லை. மரமே மிதக்கிறது. மரம் தண்ணி குடிக்கும் என்று மீனவருக்குத் தெரியும், அதனால் கரைக்கு வந்ததும் கயிற்றை அவிழ்த்து மரங்களைத் தனித்தனியாகக் காயப் போடுவார்கள். அவிழ்க்கக்கூடியதாகக் கட்டியிருப்பதுதான் அதன் தொழில்நுட்பம். ஜெட் ஸ்கீயின் நுரையை அவிழ்த்துக் காயப்போட முடியாது. வாளால் வெட்டித்தான் பார்க்க வேண்டும்.

கண்டிக்கும் மிதப்புக்கும் உள்ள பழைய கணக்கு ஒன்று கட்டுகஸ்தோட்டையிலிருந்து கொஞ்சத் தூரத்திலேயே, வட்டபுலுவையில் இருக்கிறது. 1803 ஜூன் கடைசி வாரம். கண்டியைப் பிடித்து வைத்திருந்த பிரித்தானியப் படை, மேஜர் டேவியின் கீழ், சரணடைந்து திருகோணமலைக்குப் போகப் புறப்பட்டது. அவர்களோடு முத்துசாமியும் இருந்தார். நாயக்கர் உறவில் வந்தவர், பிரித்தானியர் சிம்மாசனத்தில் வைத்த போட்டி அரசர். மகாவலி பெருக்கெடுத்து ஓடியது. ஓடம் ஒன்றுமில்லை. மூங்கில் வெட்டித் தெப்பம் கட்டப் பார்த்தார்கள், கயிறு கட்டி அக்கரைக்குப் போகப் பார்த்தார்கள், ரெண்டும் சரிவரவில்லை. முத்துசாமியைக் கையளித்தார்கள், அவர் கொல்லப்பட்டார். அடுத்து படையில் பெரும்பாலோரும் ஆற்றங்கரையில் கொல்லப்பட்டார்கள். மூங்கில் மோசமான பொருள் இல்லை. கணுவுக்குக் கணு அடைத்த காற்றறை, இயற்கையின் மூடிய குமிழி. ஆனால் அதைக் கட்டத் தெரிந்த கை வேண்டும். கண்டி ராஜ்ஜியம் மகாவலியில் பாலம் கட்டாமல் விட்டதும் சும்மா இல்லை, ஆறுதான் அகழி. இன்று பொல்கொல்லை அணை 1976இலிருந்து தேக்கி வைத்திருப்பதால் அந்த இடத்தில் தண்ணி ஒரு குளம் மாதிரி அமைதியாகக் கிடக்கிறது.

மரக்கலத்துக்கு வருவோம். பலகைக்கும் பலகைக்கும் நடுவில் நார் அடைத்து மெழுகுகிற வேலைக்குப் பெயர் கலப்பத்து. அதுவும் ஒருதரம் செய்து முடிகிற வேலை இல்லை, திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும். அப்படிக் கட்டின வல்வெட்டித்துறைப் பாய்க்கப்பல் அன்னபூரணி, ஒரு அமெரிக்கர் வாங்கின பிறகு, வல்வெட்டித்துறைக் கடலோடிகளோடு 1938 ஓகஸ்டில் மசாசூசெட்ஸின் குளோஸ்டர் துறைக்குப் போய்ச் சேர்ந்தது. சரியாக இருபது வருஷம் கழித்து அதே மாநிலத்திலிருந்துதான் ஃபிஷரின் நுரைப்படகு வருகிறது. ரெண்டுக்கும் தொடர்பு இல்லை. ஆனாலும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க எங்களுக்குப் பிடித்திருக்கிறது.

பைபர் படகு வடக்குக்கு வந்த கதை நோர்வேயோடு கட்டுண்டது. குருநகரைச் சேர்ந்த அன்ரனி ராஜேந்திரம் 1956இல் நோர்வே போனார், அங்கே குடியேறிய முதல் தமிழர் என்று சொல்லப்படுபவர். 1967இல் திரும்பி வந்து, நோர்வே ஆதரவோடு சீ-நோர் திட்டத்தைத் தொடங்கினார். குருநகரில் வலைத் தொழிற்சாலை, காரைநகரில் படகுக் கட்டுந்தளம். காரைநகரில் பைபர் படகு கட்டப் பழகின பெடியள் ஒரு தலைமுறையே இருந்தது. வேலையில்லாத கரையூர் இளைஞருக்கு அது பெரிய கதவு. போர் அதை முடக்கியது. இன்று சீ-நோர் என்ற பெயரில் இருப்பது கடற்றொழில் அமைச்சின் கீழ் உள்ள அரசாங்கக் கம்பனி. வளர்முக நாட்டுக்கு உதவி என்று வந்த திட்டங்களில் தமிழ் ஆள் ஒருவரே தொடக்கப் புள்ளியாக இருந்தது இது. அதைப் பற்றி எங்கட பாடப்புத்தகத்தில் ஒரு வரியும் நாங்கள் படித்ததில்லை.

பிறகு 2004 டிசம்பர் 26. தீவின் மீன்பிடிப் படகுகளில் பெரும்பகுதி அழிந்தது அல்லது சேதமானது. உதவி நிறுவனங்கள் போட்டி போட்டு பைபர் படகு கொடுத்தன. அவசரத்தில் முளைத்த கட்டுந்தளங்களிலிருந்து தரமில்லாத படகுகளும் வந்தன. அந்தக் காலத்திலேயே ஐ.நா. உணவு விவசாய அமைப்பு இதைச் சுட்டிக்காட்டி, படகு கட்டுகிறவர்களுக்குப் பயிற்சியும் கொடுத்தது. எங்கட கருத்து இதுதான்: பைபர் படகில் செலவைக் குறைக்க நினைக்கிற ஆளுக்கு ரெண்டு இடம் கிடைக்கும். ஒன்று, கண்ணாடியிழைப் படைகளின் எண்ணிக்கை. மற்றது, நுரை. ரெண்டும் பெயின்டுக்குக் கீழே. ரிப்பன் வெட்டுகிற படத்தில் நுரை உள்ள படகும் இல்லாத படகும் ஒரே மாதிரித்தான் இருக்கும். வித்தியாசம் தெரிகிற நாளில் கரையில் கமரா இருக்காது. பொழுதுபோக்குப் படகுக்கு அறுபது வருஷத்துக்கு முன்னமே வாளால் அறுத்துக் காட்டினார்கள். தொழிலுக்குப் போகிற படகை யாரும் அப்படிக் காட்டச் சொல்லிக் கேட்பதில்லை.

இது கரையோரத்துக் கதை மட்டும் இல்லை. 1985இல் விக்டோரியா அணை வந்து பழைய தெல்தெனிய நகரம் தண்ணிக்குள் போனது. வரட்சியில் இப்பவும் அதன் இடிபாடுகள் வெளியே தெரியும். அந்த நீர்த்தேக்கத்தில் திலாப்பியா பிடிக்கிறவர்கள் எஞ்சின் இல்லாத சின்ன பைபர் ஓருகளில்தான் போகிறார்கள். இரவில் வலை போட்டு விடியப் போய் எடுப்பார்கள். கீழே மூழ்கின ஊர், அதுக்கு மேலே ஆழம் நிறைய, உயிர்காப்பு அங்கி எப்போதும் இருக்கும் என்று சொல்ல முடியாது. அப்படியான ஓருவின் ரெண்டு முனையிலும் உள்ள அடைத்த பெட்டிகள் தான் உயிர்.

அந்தப் பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று அறிய பெரிய கருவி தேவையில்லை. ஓருவைத் தூக்கிப் பாருங்கள். முந்தி ரெண்டு பேர் தூக்கினதை இப்ப மூன்று பேர் தூக்க வேண்டியிருந்தால் உள்ளே தண்ணி. விரல் முட்டியால் தட்டினால் காய்ந்த இடம் கணீரென்றும் நனைந்த இடம் மந்தமாகவும் கேட்கும். சந்தேகமென்றால் பெட்டியின் அடியில் கால் அங்குலத் துளை ஒன்று போட்டு ஒரு இரவு சரித்து வையுங்கள். வடிகிற தண்ணியைப் போத்தலில் அளந்துவிட்டு, துளையை எபொக்சியால் அடைக்கலாம். அடைக்காமல் ஒரு திருகு மூடி போட்டுவிட்டால் இன்னும் நல்லது, ஒவ்வொரு மாசமும் திறந்து பார்க்கலாம்.