திராட்சையைச் சிப்பமிடலும் குளிர்பதனமும்

பறித்த பின் திராட்சை மேற்கொண்டு பழுப்பதில்லை. மா, வாழை போலக் காயாகப் பறித்துக் கிடங்கில் கனிய வைக்க இதில் வழியில்லை. பறித்த நாளின் தரமே உச்சம். குளிர்பதனக் கிடங்கில் அந்தத் தரம் எத்தனை நாள் நிற்கும் என்பதை வெப்பநிலைக்கு அடுத்தபடி முடிவு செய்வது சிப்பம்தான்.

மூடிய கலத்தில் திராட்சையைக் காக்கும் பழைய முறைகளில் ஆப்கானிஸ்தானின் காங்கினா போற்றத்தக்கது. களிமண்ணையும் வைக்கோலையும் பிசைந்து கிண்ணம் போன்ற இரண்டு ஓடுகள் செய்து வெயிலில் காய வைப்பர். தடித்த தோலுடைய தாயிஃபி போன்ற வகையில் அடிபடாத பழங்களைப் பொறுக்கி ஒன்றில் அடுக்கி, மற்றதைக் கவிழ்த்து, விளிம்பை ஈரமண்ணால் பூசி அடைப்பர். குளிர்ந்த இருட்டறையில் வைத்த இந்தப் பழம் மார்ச்சில் வரும் நவ்ரூஸ் புத்தாண்டு வரை கெடாது. மண்சுவர் காற்றோட்டத்தைத் தடுப்பதால் உள்ளே ஆக்சிஜன் குறைந்து, பழத்தின் சுவாசத்தால் கார்பன் டை ஆக்சைடு மிகுகிறது. இன்றைய பாலித்தீன் உறையின் தத்துவமும் இதுவே.

19ஆம் நூற்றாண்டில் ஸ்பெயினின் அல்மெரியாவிலிருந்து ஓஹானெஸ் திராட்சை மரப்பீப்பாய்களில் தக்கைத் தூளுக்குள் புதைந்து இங்கிலாந்துக்கும் அமெரிக்காவுக்கும் கப்பலேறியது. தூள் அதிர்வைத் தாங்கியது. கசிந்த பழத்தின் சாற்றையும் உறிஞ்சிக்கொண்டது.

குளிர்பதனத்தில் திராட்சைக்கு ஏற்றது −1 முதல் 0 பாகை செல்சியஸ், 90–95 விழுக்காடு ஈரப்பதம். ஈரம் குறைந்தால் முதலில் காம்பு பழுப்பாகிக் காயும், பின்னர் மணிகள் உதிரும். ஈரம் மிகுந்தாலோ, 0 பாகையிலும் வளரக்கூடிய போட்ரைடிஸ் என்னும் சாம்பல் பூஞ்சை பரவும். கலிஃபோர்னிய ஆய்வாளர்கள் விங்க்லரும் ஜேக்கபும் கந்தக டை ஆக்சைடு வாயுவால் அதை அடக்கலாம் என 1925இல் வெளியிட்ட ஆய்வு திராட்சை வணிகத்தின் போக்கையே மாற்றியது. பின்னாளில் அந்த வாயு சிப்பத்துக்குள்ளேயே வந்தது. குலைகளின் மேல் வைக்கும் தாளில் உள்ள சோடியம் மெட்டாபைசல்ஃபைட்டு ஈரம் பட்டதும் முதலில் வேகமாகவும் பிறகு வாரக்கணக்கில் மெல்லவும் வாயுவை விடுகிறது. அளவு மிஞ்சினால் காம்படியில் தோல் வெளுத்து, மயிரிழை வெடிப்புகள் தோன்றும்.

துளையில்லா உறை எடையிழப்பை நன்கு தடுத்தாலும் பழம் குளிரத் தாமதமாகும், உட்புறம் நீர் வியர்க்கும். எனவே நுண்துளையுள்ள உறையே சிறந்தது. வெளிப்பெட்டி நெளி அட்டையாயின் கிடங்கின் ஈரத்தை ஈர்த்துத் தளர்ந்துவிடும். அடுக்கின் பாரம் அப்போது பழத்தின் மேல் இறங்கும்.

நாசிக் பகுதியின் தாம்சன் விதையில்லாத் திராட்சை இப்படித் தாளும் உறையும் இட்டுக் குளிர்பதனத்திலேயே ஐரோப்பாவுக்குக் கப்பலில் செல்கிறது. ஆண்டு முழுதும் அறுவடையாகும் கம்பம் பன்னீர் திராட்சை பெரும்பாலும் குளிர்பதனமின்றியே விற்கப்படுகிறது. பாலித்தீனுக்கு மாற்றாக மட்கும் உறைகளும் சோதிக்கப்பட்டு வருகின்றன.