படுக்கை கப்பலில், பகல் தீவில்
சிறு கப்பல் உல்லாசப் பயணம் பிறந்த கதை

டெல்லியின் துணை நகரமான துவாரகாவின் பரப்பு சுமார் 56 சதுர கிலோமீட்டர். லட்சத்தீவின் 36 தீவுகளையும் ஒன்றாகச் சேர்த்தாலும் நிலம் 32 சதுர கிலோமீட்டரைத் தாண்டாது. அதில் மனிதர்கள் வாழ்வது பத்துத் தீவுகளில்தான். 2011 கணக்கெடுப்பின்படி மொத்த மக்கள் 64,473 பேர். துவாரகாவில் ஆரம்ப காலத்தில் குடியேறியவர்களுக்குத் தண்ணீர் டேங்கருக்குக் குடத்தோடு காத்திருந்த அனுபவம் உண்டு. லட்சத்தீவில் டேங்கருக்கும் வழியில்லை. ஆறு கிடையாது, ஏரி கிடையாது. மணலுக்கு அடியில், உப்பு நீரின் மேல் மெல்லிய படலமாக மிதக்கும் மழைநீர்தான் கிணற்றில் ஊறும். கொஞ்சம் அதிகமாக இறைத்தால் உப்பு ஏறிவிடும்.

இப்படிப்பட்ட இடத்துக்கு ஊர் பார்க்க வருகிறவர்களை எங்கே தங்கவைப்பது? வெப்பமண்டலத் தீவுகள் பலவற்றிலும் எழுந்த கேள்வி இது. அதற்கு வெவ்வேறு கடல்களில், வெவ்வேறு காலத்தில் கிடைத்த விடைதான் சிறு கப்பல் உல்லாசப் பயணம்.

சிறியதே முதலில்

துவாரகா 25-ஆம் செக்டாரில் உள்ள யசோபூமியில் 2025 பிப்ரவரியில் சாட்டே பயணச் சந்தை நடந்தது. இத்தகைய சந்தைகளில் ‘குரூஸ்’ என்றதும் பலருக்கும் மனத்தில் வருவது அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்று கடலில் இறங்கியதுபோன்ற கப்பல். 2024 ஜனவரியில் ஓடத் தொடங்கிய ‘ஐகான் ஆஃப் த சீஸ்’ நிரம்பினால் 7,600 பயணிகளை ஏற்றும். லட்சத்தீவின் கல்பேனி தீவில் இருப்பதே நாலாயிரத்துச் சொச்சம் பேர்தான். ஆனால் உல்லாசக் கப்பலின் கதை இவ்வளவு பெரிதாகத் தொடங்கவில்லை.

ஜெர்மனியின் ஹாம்பர்க் அமெரிக்கா கப்பல் நிறுவனத்தில் பயணியர் பிரிவைக் கவனித்துவந்தவர் ஆல்பர்ட் பாலின். குளிர்காலத்தில் அட்லாண்டிக்கைக் கடக்க ஆள் வராது. கப்பல்கள் சும்மா நிற்கும். கப்பல் நின்றாலும் செலவு நிற்காதே! 1891 ஜனவரியில் ‘அகஸ்டா விக்டோரியா’ என்ற கப்பலை 241 பயணிகளோடு மத்தியதரைக் கடலைச் சுற்றிக்காட்ட அனுப்பினார். ஊர் போய்ச் சேருவதற்கு அல்லாமல், சுற்றித் திரும்புவதற்காகவே கப்பலேறும் பழக்கம் இப்படித்தான் சூடுபிடித்தது.

கையிருப்புக் கப்பலை வைத்து ஒப்பேற்றிய பாலின், அடுத்து உல்லாசத்துக்கென்றே ஒரு கப்பல் கட்டச் சொன்னார். 1900-இல் நீரில் இறங்கிய ‘பிரின்ஸெஸ்ஸின் விக்டோரியா லூயிஸே’, உல்லாசப் பயணத்துக்காகவே கட்டப்பட்ட முதல் கப்பல் என்று பெயர் வாங்கியது. சுமார் 4,400 டன். 120 அறைகள், அத்தனையும் முதல் வகுப்பு. உடற்பயிற்சிக் கூடமும், பயணிகள் தாம் எடுத்த படங்களைக் கழுவிக்கொள்ள ஓர் இருட்டறையும் இருந்தன. அது அடிக்கடி போன இடம் கரீபியன் தீவுகள். அங்கேயே முடிந்தும் போயிற்று. 1906 டிசம்பர் 16 இரவு, ஜமைக்காவில் ஒரு கலங்கரை விளக்கத்தை வேறொன்று என்று நினைத்துக் கப்பலைப் பாறையில் ஏற்றிவிட்டார் தலைவர். பயணிகள் அனைவரும் தப்பினர். தலைவர் தம் அறைக்குப் போய்த் தம்மையே சுட்டுக்கொண்டார்.

அதன்பிறகு இரண்டு உலகப் போர்கள், அப்புறம் ஜெட் விமானம். கடல் கடக்க விமானம் போதும் என்றான பிறகு, பயணிக் கப்பல்கள் பிழைப்புக்காக உல்லாசத்துக்குத் திரும்பின. கூட்டம் பெருகப் பெருகக் கப்பலும் பெருத்தது. பெருத்த கப்பலுக்கு ஆழமான துறைமுகம் வேண்டும். துறைமுகம் இல்லாத தீவுகள் அவற்றின் வரைபடத்திலிருந்தே விலகிப்போயின.

சிவப்புக் கப்பல்

விலகிப்போன அந்தத் தீவுகளைத்தான் லார்ஸ் எரிக் லிண்ட்பிளாட் பிடித்துக்கொண்டார். ஸ்வீடனில் பிறந்து அமெரிக்காவில் 1958-இல் பயண நிறுவனம் தொடங்கியவர். 1966-இல் அர்ஜென்டினா கடற்படைக் கப்பல் ஒன்றை அமர்த்திச் சாதாரண மக்களை அண்டார்டிகாவுக்கு அழைத்துப்போனார். அடுத்த ஆண்டு கலாபகோஸ் தீவுகள். அமர்த்திய கப்பல்கள் தோதுப்படாததால், 1969-இல் பின்லாந்தில் சொந்தக் கப்பலே கட்டிக்கொண்டார். ‘லிண்ட்பிளாட் எக்ஸ்ப்ளோரர்’ சுமார் 2,400 டன், ஏறக்குறைய நூறு பயணிகள். உடலுக்குச் சிவப்புச் சாயம் பூசியிருந்ததால் ‘சின்னச் சிவப்புக் கப்பல்’ என்றே அதை அழைத்தார்கள்.

கப்பலைவிட அதில் தொங்கிய காற்றடைத்த ரப்பர் படகுகள் முக்கியம். ஸோடியாக் என்ற பிரெஞ்சு நிறுவனத்தின் படகுகள் அவை. 1952-இல் அலேன் பொம்பார் என்ற மருத்துவர், கடலில் மனிதன் எத்தனை நாள் தாக்குப்பிடிப்பான் என்று பார்க்க, அத்தகைய படகு ஒன்றிலேயே அட்லாண்டிக்கைக் கடந்து காட்டியிருந்தார். அதையே கரையிறங்கும் வாகனமாக்கினார் லிண்ட்பிளாட். கப்பல் ஆழத்தில் நிற்கும். படகு அலை மேல் ஏறி மணலில் வந்து நிற்கும். பயணி முழங்கால் நீரில் குதித்து நடக்கலாம். படகுத்துறை தேவையில்லை, விடுதி தேவையில்லை. இரவில் ஆட்டம் பாட்டத்துக்குப் பதிலாக விரிவுரை. பறவையியலாளர் ரோஜர் டோரி பீட்டர்சன் போன்றவர்களே கூடப் பயணம் செய்து சொல்லிக்கொடுத்தார்கள்.

நிலத்தில் பெரும்பகுதியை 1959-இலேயே தேசியப் பூங்காவாக அறிவித்திருந்த கலாபகோஸுக்கு இந்த முறை பொருந்தியது. பயணி குறித்த இடத்தில் மட்டும் வழிகாட்டியோடு இறங்க வேண்டும், ஒரு கப்பலில் நூறு பேருக்கு மேல் கூடாது என்பவை காலப்போக்கில் அங்கே விதிகளாகிவிட்டன. சிவப்புக் கப்பல் பல கைகள் மாறி, 2007 நவம்பர் 23 அன்று அண்டார்டிகாவில் பனிக்கட்டி மோதி மூழ்கியது. அதிலிருந்த 154 பேரும் காப்பாற்றப்பட்டனர்.

பட்டுமெத்தை ஏறிய கதை

லிண்ட்பிளாட் கொடுத்தது அறிவும் அலைச்சலும். அதில் ஆடம்பரத்தை ஏற்றியது ‘சீ காடஸ்’. 1984-இல் வந்த அந்தக் கப்பலில் 58 அறைகள், 116 பேர். சாப்பாட்டுக்கு நேரக் கட்டுப்பாடு கிடையாது. மது கட்டணத்திலேயே அடக்கம். பின்புறத்தில் ஒரு தளம் விரிந்து, நேராகக் கடலில் இறங்கி நீந்தலாம். பணக்காரர் சொந்தமாக வைத்திருக்கும் யாட்டை வாரக் கணக்கில் பங்குபோட்டு விற்ற வியாபாரம் அது. தொடங்கியவர்கள் கடனில் மாட்டி, 1986-இல் குனார்ட் நிறுவனத்திடம் கப்பலை ஒப்படைத்தார்கள். யோசனை மட்டும் பிழைத்தது. அதே ஆண்டு, கணினியால் பாய் விரிக்கும் ‘விண்ட் ஸ்டார்’ 148 பயணிகளோடு கிளம்பியது. பிற்பாடு தாஹிதியின் ஆழமற்ற காயல்களுக்கென்றே ‘பால் கோகன்’ கட்டப்பட்டது. பெரிய கப்பல் நுழைய முடியாத இடத்தில் நங்கூரமிடுவதே அன்று முதல் உயர்ந்த ஆடம்பரமானது.

கொச்சியிலிருந்து ஓர் அரசுக் கப்பல்

இதே விடையை இந்தியாவில் அரசாங்கமே தன் போக்கில் கண்டுபிடித்தது. லட்சத்தீவுக்குள் நுழையவும் தங்கவும் 1967-இன் விதிப்படி அனுமதி வேண்டும். 1980-களில் தீவு நிர்வாகம் சுற்றுலாவுக்கென ‘ஸ்போர்ட்ஸ்’ என்ற சங்கத்தை அமைத்தது. அதன் பெயர்பெற்ற ஏற்பாடு ‘சமுத்திரம்’. கொச்சியில் கப்பலேறி ஐந்து நாளில் கவரத்தி, கல்பேனி, மினிக்காய் மூன்றையும் பார்த்துத் திரும்பலாம். பகல் முழுக்கத் தீவு, பொழுது சாய்ந்தால் கப்பல்.

இதற்கு ஓடிய ‘எம்.வி. கவரத்தி’ விசாகப்பட்டினம் இந்துஸ்தான் கப்பல் கட்டும் தளத்தில் உருவாகி 2008-இல் வந்தது. 700 பேர் போகலாம். சாம்பேன் கிடையாது, பட்டுமெத்தை கிடையாது. விடுமுறைக்கு ஊர் திரும்பும் மாணவர்களும், கொச்சியில் வைத்தியம் பார்த்துத் திரும்பும் முதியவர்களும் அதே கப்பலில்தான் வருவார்கள். பவளப்பாறைக்கு வெளியே கப்பல் நின்றுகொள்ளும். ஆடும் படகுக்குக் கைபிடித்து இறக்குவார்கள். மினிக்காயில் 1885-இல் கட்டிய கலங்கரை விளக்கத்தில் ஏறிப் பார்க்கலாம். தூத்துக்குடியிலும் யாழ்ப்பாணத்திலும் சம்பலில் இடிக்கும் மாசி, சூரை மீனை வேகவைத்துப் புகையூட்டி அங்கே எப்படித் தயாராகிறது என்றும் பார்க்கலாம்.

பக்கத்து மாலத்தீவு வேறு வழியில் போனது. 1972-இல் குரும்பா விடுதி திறந்தது முதல், ‘ஒரு தீவுக்கு ஒரு விடுதி’ என்று நூற்றுக்கும் மேல் கட்டிவிட்டது. காசு கொட்டியது, உண்மைதான். ஆனால் ஒவ்வொரு விடுதிக்கும் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலையும், அதை ஓட்ட டீசலும், குப்பைக்கு இடமும் வேண்டும். கவரத்தியில் உள்ளூர்க்காரர்களின் தாகம் தணிக்கவே 2005-இல் சென்னையின் தேசியக் கடல்சார் தொழில்நுட்பக் கழகம், ஆழ்கடலின் குளிரையும் மேற்பரப்பின் வெப்பத்தையும் வைத்து நாளுக்கு ஒரு லட்சம் லிட்டர் குடிநீர் தரும் நிலையத்தை அமைக்க வேண்டியிருந்தது.

2024 ஜனவரியில் பிரதமர் லட்சத்தீவு போய்வந்ததும் நாடே அந்தப் பக்கம் திரும்பியது. சுஹேலி, கத்மத் தீவுகளில் தலா 110 அறைகளோடு தாஜ் விடுதிகள் வரும் என்று 2023-இலேயே அறிவித்தாகிவிட்டது. கடல் மேல் கால் நட்ட வில்லாக்களும் அதில் உண்டு. விடுதியே கூடாது என்று சொல்ல வரவில்லை. ஆனால் நூறு வருடத்துக்கும் மேற்பட்ட கப்பல் கதை சொல்லும் பாடம், சின்னத் தீவுக்கு மிதக்கும் படுக்கையே ஏற்றது என்பதுதான். கப்பல் தன் தண்ணீரோடு வந்து தன் குப்பையோடு திரும்பிப் போகும். விடுதி அங்கேயே இருக்கும்.

துவாரகாவிலிருந்து போக நினைப்பவர்களுக்கு விமான நிலையம் பக்கத்திலேயே இருக்கிறது. கொச்சி மூன்று மணி நேரம். ‘சமுத்திரம்’ அந்தப் பருவத்தில் ஓடுகிறதா என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். தென்மேற்குப் பருவமழை மாதங்களைத் தவிருங்கள், வாந்தி மாத்திரையை மறக்காதீர்கள். அரசு ஊழியர்களுக்கு ஒரு செய்தி: பயணப்படி விதிகளில் லட்சத்தீவுக் கப்பலுக்கு எந்த நிலை ஊழியருக்கு எந்த வகுப்பு என்று தனியாகவே இருக்கிறது. விடுப்புப் பயணச் சலுகையான எல்டிசியில் கிடைப்பது பயணக் கட்டணம்தான். சாப்பாடும் சுற்றிப்பார்க்கும் செலவும் நம் கணக்கு. திரும்பும்போது பவளத்துண்டு ஒன்றைக்கூடப் பையில் போட்டுக்கொள்ளாதீர்கள். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அது குற்றம்.